சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் போட்ட கோடு

எனக்கு நாலு பேர் நடுவில் பேச வராது. ஐந்தாவது வரைக்கும் படித்தேன். டீச்சர் கேள்வி கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நின்றுவிட்டு உட்கார்ந்துவிடுவேன். கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்து, குவார்ட்டர்ஸில் முப்பது வருஷத்துக்கு மேல் குடியிருந்தும் அந்தக் கூச்சம் போகவில்லை. வீட்டுக்கு ஆள் வந்தால் சமையற்கட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றுகொள்வேன். டீ டம்ளரைப் பிடித்த கை மட்டும் வெளியே போகும்.

அப்படி நின்றதால் எனக்கு ஒரு விஷயம் தெரிந்துபோயிற்று. போன மாசி மாதம் முழுக்க அது நெஞ்சில் கல்லாகக் கிடந்தது. சொன்னால் பெற்ற மகன் என் முகத்தில் விழிக்க மாட்டான். சொல்லாவிட்டால் இரண்டு வீட்டில் ஒரு வீட்டில் பிணம் விழும். இரண்டுக்கும் நடுவில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

முதலில் இருந்து சொல்கிறேன்.

என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. நிலக்கரிக்கு மேலே கிடக்கிற மண்ணை வெட்டி அள்ளுகிற பெரிய சக்கர மெஷினில் இருந்தார். அது ஜெர்மனியிலிருந்து வந்தது. அவருடைய கூட்டாளி ஒருவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். நான் அவரை அண்ணன் என்று கூப்பிடுவேன். அவருக்குக் கரண்ட் எடுக்கிற பவர் ஹவுஸில் வேலை. அங்கே இருந்தது ரஷ்யாக்காரர்கள் வந்து மாட்டிக்கொடுத்த மெஷின். அதை வைத்து இரண்டு பேரும் கேலி பேசாத நாள் கிடையாது.

"வாங்க ரஷ்யா. உங்க மிசினு ஓடிகினு இருக்குதா, ஒக்காந்துகிச்சா?" என்பார் இவர்.

"அது ஓடும் மாப்ளே. ஒம்ம ஜெர்மனிதான் ஒரு மழைக்கே சேத்துல படுத்துக்கிடும்" என்பார் அவர்.

அதனால் ரஷ்யாவும் ஜெர்மனியும் இப்படிச் சிரித்துக்கொள்கிற இரண்டு சிநேகிதர்கள் என்றே வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு பேருக்கும் ஒரே வருஷம் ரிட்டயர்மென்ட். கம்பெனி நகரியத்தில் குடியிருந்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். பிள்ளைகள் பிறந்து வளர்ந்த வீட்டின் சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வர வேண்டும். எங்கே போவது? அந்தப் பயத்தில்தான் இரண்டு பேரும் கை கோத்தார்கள். வடலூர் போகிற பக்கம் பக்கத்துப் பக்கத்து மனையாக வாங்கினார்கள். நடுவில் ஆறடிச் சந்து, அந்தச் சந்தில் ஒரு போர்வெல், இரண்டு வீட்டுக்கும் அதுதான் தண்ணீர் என்று பேச்சு. பத்திரம் எழுதும்போது சந்தைத் தனியாகக் காட்ட முடியாது, யாராவது ஒருவர் மனையோடு சேர்க்க வேண்டும் என்று எழுதுகிறவர் சொல்லிவிட்டாராம். "மாப்ளை பேர்லயே போடும்வே, அவன் எங்க ஓடிரப் போறான்" என்று அண்ணன் சொல்லியிருக்கிறார். பத்திரப்படி சந்து முழுக்க எங்களுடையது ஆயிற்று.

அன்றைக்குச் சாயங்காலம் இரண்டு பேரும் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு வந்தார்கள். சமையற்கட்டுக் கதவின் பின்பக்கச் சுவரில்தான் எங்கள் வீட்டுக் கணக்கு வழக்கெல்லாம் இருக்கும். பால், காஸ் வந்த தேதி, இவருக்கு எந்த வாரம் எந்த ஷிப்ட் என்று பென்சிலால் எழுதி வைப்போம். ஒரு முனை சிவப்பு, ஒரு முனை நீலம் இருக்குமே, அந்தப் பென்சில். இவர் சிவப்பு முனையால் இரண்டு கட்டம் போட்டார். நடுவில் சந்து. சந்துக்குள் ஒரு வட்டம், அது போர். நான் கதவுக்கு இந்தப் பக்கம் ஒட்டிக்கொண்டு நின்றேன்.

"சந்துல செவுரு கூடாது மாப்ளே" என்றார் அண்ணன்.

"நம்ம காலத்துக்கு மட்டும் இல்லீங்க, பசங்க காலத்துக்கும் கூடாது" என்றார் இவர்.

"ஒரு பேப்பர்ல எழுதிக்கிடுவமா?"

"பேப்பரு தொலைஞ்சிடும். செவுரு எங்க போவப் போவுது?"

அண்ணன் சிரித்தார். பென்சிலைத் திருப்பி நீல முனையால் படத்தின் மேல் ஒரு டிக் போட்டார். நான் டீயை நீட்டினேன்.

முப்பது வருஷம் கம்பெனி வீட்டில் இருந்தவர்கள் அது தங்கள் சுவர் இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். வேறு ஊர்க்காரன் யாராவது இப்படி ஒரு காரியம் செய்வானா? குவார்ட்டர்ஸ் காலி செய்த அன்று ஆட்கள் வந்து பல்பு, குழாய் எல்லாம் சரி பார்த்தார்கள். அடுத்து வருகிறவர்களுக்காக வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு வாளியும் வந்து நின்றது. கடைசியாகப் பெருக்கினவள் நான்தான். சிவப்புக் கட்டத்தையும் நீல டிக்கையும் பார்த்தேன். ஒரு தாளில் வரைந்து எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றவும் செய்தது. ஆம்பிளைகள் விஷயம், அவர்களுக்குத் தெரியாதா என்று விட்டுவிட்டேன்.

புது வீட்டுக்கு வந்து இரண்டாவது மாதம் என் வீட்டுக்காரர் இறந்துபோனார். மார்வலி என்று உட்கார்ந்தார், அவ்வளவுதான்.

அதற்கப்புறமும் பல வருஷம் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஒரு பெருமழை வருஷம் மரம் விழுந்து, கரண்ட் போய், தெருவில் முட்டளவு தண்ணீர் நின்றது. அப்போது என் மகனும் அண்ணன் மகனும் மாமன் மச்சானாக ஒரே கயிற்றைப் பிடித்து மரம் இழுத்தார்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே உலை. வெள்ளம் வடிந்தது. அந்த ஒற்றுமையும் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்துவிட்டது.

என் மகன் சுரங்கத்தில் பர்மனென்ட். அண்ணன் மகன் இன்னும் கான்ட்ராக்ட். போன கோடையில் போரில் தண்ணீர் இறங்கிற்று. யார் எத்தனை நேரம் மோட்டார் போடுவது என்று ஆரம்பித்தது.

"பர்மனென்ட்காரரு குளிச்சி முடிச்சா கான்ட்ராக்ட்காரனுக்கு ரெண்டு குடம் வுடச் சொல்லுங்க" என்று அண்ணன் மகன் தெருவில் நின்று சொன்னான்.

"சந்து எங்க பத்திரத்துல இருக்குது. ரெண்டு குடமே தர்மம்தான்" என்றான் என் மகன்.

அன்றோடு பேச்சு நின்றது. அதற்கப்புறம் நடந்ததெல்லாம் சத்தமில்லாமல் நடந்தது. அவர்கள் சந்தைப் பார்த்து ஒரு கேமரா மாட்டினார்கள். நாங்கள் இரண்டு மாட்டினோம். அவர்கள் பெரிய லைட் போட்டார்கள். நாங்கள் அதைவிடப் பெரியது போட்டோம். சந்தில் பொழுது சாய்ந்தது தெரியாமல் காக்காய் கூடக் குழம்பிற்று. அவர்கள் ஒரு நாய் கொண்டுவந்தார்கள். என் மகனுக்கு நாய் என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். அதனால் கம்பி வாங்கி வந்து கதவுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்தான். "அவங்க அடிக்க ஆள் சொல்லி வெச்சிருக்காங்களாம்" என்று எங்கள் வீட்டில் பேச்சு. அங்கேயும் அதையே பேசியிருப்பார்கள். சந்து முழுக்கக் கல்லை இறக்கி, பத்திரக் கோட்டின்மேல் சுவர் எடுக்கப்போவதாக என் மகன் சொன்னான்.

என் மருமகள் வடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தாவதுக்குச் சமூக அறிவியல் டீச்சர். மறுநாள் பாடத்தை முந்தின சாயங்காலம் ஹாலில் உட்கார்ந்து வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள். நான் திரைக்கு இந்தப் பக்கம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டே கேட்பேன். மாசி மாதம் ஒரு நாள் அவள் இரண்டாம் உலகப்போர் முடிகிற கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஜெர்மனிக்காரன் எல்லோரையும் அடித்துக்கொண்டு வந்தானாம். அவனுக்குப் பயந்து அமெரிக்காவும் இங்கிலாந்தும் ரஷ்யாவும் ஒன்றாகச் சேர்ந்தார்களாம். போர் முடியப்போகிற நேரத்தில் மூன்று தலைவர்களும் கடற்கரைப் பக்கம் ஒரு அரண்மனையில் உட்கார்ந்து, போருக்கப்புறம் எது எப்படி என்று பேசினார்களாம். புத்தகத்தில் படம் இருந்தது. அவள் தண்ணீர் குடிக்கப் போனபோது எட்டிப் பார்த்தேன். மூன்று பேர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் சுருட்டுக்காரர், ஒருவர் பெரிய மீசை. நடுவில் இருந்தவர் கம்பளிக் கோட்டுக்குள் வற்றிப்போயிருந்தார், சாவு வந்து தோளில் உட்கார்ந்த மாதிரி. என் வீட்டுக்காரரின் கடைசிப் போட்டோ எனக்கு ஞாபகம் வந்தது.

"நடுவுல இருக்கறவரு யாரும்மா?" என்று திரைக்குப் பின்னால் இருந்து கேட்டேன்.

மருமகளுக்கு ஆச்சரியம். நான் பாடத்தில் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. "அமெரிக்கத் தலைவர், அத்தை. நடக்க முடியாதவர். இந்தப் படம் எடுத்து ரெண்டு மாசத்துல போயிட்டாரு."

"ரெண்டு மாசமா?"

"ஆமா. அப்புறம் இந்த சுருட்டுக்காரரு எலெக்சன்ல தோத்துட்டாரு. அடுத்த கூட்டத்துக்கு மூணு பேர்ல பழைய ஆளா கடைசிவரை இருந்தது மீசைக்காரர் மட்டுந்தான். ஒருத்தருக்கொருத்தர் முகத்தப் பாத்துப் பேசினது எல்லாம் போச்சு. அவங்க எழுதின பேப்பர்ல 'மீட்ட நாடுகள்ல சுதந்திரமா எலெக்சன் நடத்தணும்'னு இருந்துச்சி. அதுக்கு இவங்க ஒரு அர்த்தம் சொன்னாங்க, அவங்க ஒரு அர்த்தம் சொன்னாங்க. புதுசா வந்த அமெரிக்கத் தலைவரு கூட்டம் கலையுறப்ப மீசைக்காரர்கிட்ட, எங்ககிட்ட ஒரு பெரிய ஆயுதம் இருக்குன்னு மெதுவா சொன்னாராம். அவரு ஒண்ணும் தெரியாதவரு மாதிரி தலையாட்டினாராம். ஒற்றன் மூலமா அவருக்கு முன்னமே தெரியும்."

எனக்குக் கேமராவும் கதவோரத்துக் கம்பியும் கண்முன் வந்தன.

"அதுக்கப்புறம் அமெரிக்காவும் ரஷ்யாவும் நேரா சண்டை போட்டுக்கல அத்தை. நாப்பது வருசத்துக்கு மேல மொறைச்சிகினே இருந்தாங்க. அவங்க ஒரு குண்டு செஞ்சா இவங்க ரெண்டு செய்வாங்க. ஜெர்மனியப் பங்கு போட்டு, ஒரே ஊருக்கு நடுவுல செவுரு எழுப்பிட்டாங்க" என்றவள், குரலைத் தாழ்த்தி, பாடத்தில் இல்லாத ஒன்றையும் சொன்னாள். "இதுக்கு முந்தியே ஒரு நாளு சுருட்டுக்காரரும் மீசைக்காரரும் தனியா இருக்கறப்ப, எந்த நாட்டுல யாருக்கு எவ்வளவு பங்குன்னு ஒரு துண்டுத் தாள்ல எழுதி நீட்டினாராம் சுருட்டுக்காரரு. மீசைக்காரரு ஒரு நீலப் பென்சிலை எடுத்து டிக் போட்டுத் திருப்பித் தள்ளிட்டாராம்."

முறத்தில் இருந்த கீரை தரையில் கொட்டிற்று.

அதே நீலம். எங்கேயோ குளிர் தேசத்தில் கோட்டு போட்டவர்கள் செய்ததை, சேறு ஒட்டின காலோடு என் வீட்டுக்காரரும் அண்ணனும் செய்திருக்கிறார்கள். கீரையை அள்ளிக்கொண்டே கேட்டேன்.

"அந்த ரூம்புல அவங்க ரெண்டு பேருந்தான் இருந்தாங்களா?"

"ஒருத்தர் பாஷை இன்னொருத்தருக்குப் புரியாதே அத்தை. மாத்திச் சொல்றவங்க கூட இருந்திருப்பாங்க."

"அவங்க கேட்டுகினுதானே இருந்தாங்க? பின்னாடி சண்டை வந்தப்ப, இப்படித்தான் பேசினீங்கன்னு சொல்றதுக்கு என்னா?"

"அவங்கள யாரு கேக்கப்போறாங்க? கேட்டாலும் பயம் இருக்காதா?" என்று சொல்லிவிட்டு மருமகள் புத்தகத்தை மூடினாள்.

அன்றிலிருந்து அந்தப் புத்தகப் படம்தான் கண்ணில் நின்றது. படத்தில் நாற்காலிகளுக்குப் பின்னால் நிறையப் பேர் நிற்கிறார்கள். அவர்கள் பெயர் கீழே போடவில்லை. நானும் அங்கேதான் நிற்கிறேன் என்று தோன்றிற்று.

குவார்ட்டர்ஸ் சுவரில் இவர் போட்ட படம் இன்னும் இருந்தால் நான் வாய் திறக்கவே வேண்டாமே என்று ஒரு ஆசை வந்தது. காய்கறிச் சந்தைக்குப் போகலாம் என்று மருமகளைக் கூப்பிட்டு ஸ்கூட்டியில் நகரியத்துக்குப் போனேன். பழைய பிளாக்குக்குத் திருப்பச் சொன்னேன். அங்கே இப்போது குடியிருப்பது தேனிப் பக்கத்துப் பெண். "இந்த வூட்ல இருந்தேம்மா, ஒரு தடவை பாத்துக்கறேன்" என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவள் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனாள்.

சமையற்கட்டுக் கதவைத் தள்ளிப் பின்னால் பார்த்தேன். பச்சைப் பெயின்ட். அதன்மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள். அவள் பிள்ளைகளின் உயரத்தை வருஷா வருஷம் குறித்து வைத்திருக்கிறாள். விரலால் தடவினேன். எத்தனை தடவை வெள்ளையடித்தார்களோ, வழுவழுவென்று இருந்தது.

"எழுதி வெக்காதம்மா. தாள்ல எழுதிக்க. இது போயிடும்" என்று அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவளுக்குப் புரியவில்லை. மருமகள் என்னையே பார்த்தாள்.

மறுநாள் கொத்தனார் வந்தார். சந்தின் அந்தக் கோடியில், அவர்கள் வீட்டுச் சுவரை ஒட்டி, முழங்காலுக்குக் கீழே நூல் கட்டினார். கல் இறக்கியாயிற்று. என் மகன் அன்றைக்கு ஷிப்டுக்குப் போகாமல் நின்றான். கம்பி அவன் கைக்கு எட்டுகிற இடத்தில் இருந்தது. அண்ணன் மகன் அவன் வீட்டுப் பின்வாசலில் ஒரு இரும்புப் பைப்போடு உட்கார்ந்திருந்தான். நாய் குலைத்துக்கொண்டே இருந்தது. நான் கதவுக்குப் பின்னால் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன், நூலுக்கும் அவர்களுக்கும் எத்தனை அடி என்று.

மணி நாலு. அண்ணன் வந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அவர் இருக்கிறார். ஆனால் நாலு வருஷமாக ஞாபகம் இல்லை. மகனைத் தம்பி என்கிறார். தினம் நாலு மணிக்குச் சந்துக்கு வந்து குழாயில் கால் கழுவுவார். பிறகு எங்கள் பின்வாசலைப் பார்த்து, என் வீட்டுக்காரர் இன்னும் இருப்பதாக நினைத்துக் கேட்பார், "மாப்ளைக்கு எந்த ஷிப்டு தங்கச்சி?" நான், "செகண்ட் ஷிப்டுங்கண்ணே" என்பேன். "சரி சரி, வந்தா சொல்லு" என்று திரும்பிப் போவார். இத்தனை சண்டையிலும் அது ஒரு நாள் கூட நிற்கவில்லை. உலகத்தில் நான் பயமில்லாமல் பதில் சொல்வது அவர் ஒருவருக்குத்தான்.

அன்றைக்கு நூல் அவர் காலைத் தடுத்தது. குனிந்து பார்த்தார். தாண்டத் தெரியவில்லை. நூலைப் பிடித்து இழுத்தார். கொத்தனார் அடித்த ஆணி பிடுங்கிக்கொண்டு வந்தது.

"யோவ், எடுய்யா கைய! போ அந்தப் பக்கம்!" என்று என் மகன் கத்தினான். மாமா என்று கூப்பிட்ட வாய்.

அண்ணன் மகன் பைப்போடு எழுந்தான். "எங்கப்பாவ யாருடா யோவ்ன்றது?"

என் மகன் கை கம்பிக்குப் போயிற்று.

எப்படி வெளியே வந்தேன் என்று எனக்குத் தெரியாது. செருப்பு இல்லை. சந்தின் நடுவில், போருக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி கேட்டது.

"செவுரு கூடாதுன்னு உங்கப்பா சொன்னாருடா! பசங்க காலத்துக்கும் கூடாதுன்னாரு. நாங் கேட்டேன்."

"நீ உள்ள போமா. உனக்கு என்னா தெரியும்?"

"செவப்புப் பென்சில்ல ரெண்டு கட்டம் போட்டாரு. போருக்கு ஒரு வட்டம் போட்டாரு. அண்ணன் நீலத்துல டிக் போட்டாரு. குவார்ட்டர்ஸ்ல, சமையக்கட்டுக் கதவுக்குப் பின்னாடி. பத்திரத்துல நம்ம பேருல எழுதச் சொன்னதே அண்ணந்தான், நம்புனதால. இந்தச் சந்து ரெண்டு வூட்டுதுடா."

"இத்தினி வருசமா ஏன் சொல்லல?"

"பயம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

அண்ணன் மகன் பைப்பைத் தரையில் ஊன்றிக்கொண்டு, "எங்கப்பா இத எங்கிட்ட சொன்னதே இல்லியே அத்தை" என்றான். என்னை அவன் அத்தை என்று கூப்பிட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அண்ணன் நூலைக் கையில் வைத்துக்கொண்டு எங்களை மாறி மாறிப் பார்த்தார். "நம்ம தங்கச்சி இவ்வளவு பேசுமா!" என்றார். அவருக்கு ஒன்றும் ஞாபகம் வரவில்லை. வரும் என்று ஒரு நொடி நான் எதிர்பார்த்தது உண்மை. "மாப்ளைக்கு எந்த ஷிப்டு?" என்று கேட்டார்.

"செகண்ட் ஷிப்டுங்கண்ணே."

என் மகன் அவர் கையிலிருந்து நூலை வாங்கினான். பிடுங்குவான் என்று பயந்தேன்; வாங்கினான். சுற்றி, கொத்தனார் மேல் வீசிவிட்டு உள்ளே போனான். கம்பி இருந்த இடத்திலேயே இருந்தது.

இது நடந்து இருபது நாள் ஆகிறது. என் மகன் என்னோடு பேசவில்லை. வைத்த சோற்றைச் சாப்பிடுகிறான், தட்டைக் கழுவி வைக்கிறான். கேமராக்கள் அப்படியே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. கல் எங்கள் பக்கம் அடுக்கியே கிடக்கிறது. அவன் மனசு மாறினால் ஒரே நாளில் சுவர் எழும்பிவிடும். பொழுது விடிந்ததும் முதலில் கல்லைத்தான் எண்ணுகிறேன்.

நான் சொன்னது எல்லாவற்றையும் மருமகளை ஒரு முத்திரைத்தாளில் எழுதச் சொன்னேன். புருஷனுக்கு எதிராக எழுத அவளுக்கு முதலில் கை வரவில்லை. எழுதி முடித்துவிட்டு அழுதாள். கீழே என் பெயரை நானே எழுதினேன், ஐந்தாவது வரை படித்த எழுத்து, கோணலாக இருக்கிறது. கையெழுத்துக்கு இரண்டு இடம் விட்டிருக்கிறது. ஒன்றில் அண்ணன் மகன் நேற்றுப் போட்டுவிட்டான், நீல மையில். இன்னொன்று காலியாக இருக்கிறது. தாளை என் மகன் டிபன் பாக்ஸ் எடுக்கிற அலமாரியில், டிபன் பாக்ஸுக்கு அடியில் வைத்திருக்கிறேன். ஷிப்டுக்குப் போகும்போது தினமும் அதைத் தூக்கி, தாளைப் பார்த்துவிட்டு, தாளை அங்கேயே விட்டுவிட்டுப் போகிறான். கிழிக்கவில்லை.

இவருக்கு ஆன மாதிரி எனக்கும் ரெண்டு மாசமோ என்னவோ, யாருக்குத் தெரியும். அதனால்தான் இந்த நோட்டிலும் எழுதி வைக்கிறேன்.

மணி நாலு ஆகப்போகிறது. குழாயடிக்குப் போக வேண்டும்.